முனையங்களுக்கிடையே இலவசப் பேருந்து: கட்டணமின்மையின் பொருளாதாரம்

ஒரு நகருக்கு ஒரு விமான நிலையம், ஒரு விமான நிலையத்திற்கு ஒரு முனையம் என்றிருந்த நிலை நம் நாட்டின் பெருநகரங்களில் எப்போதோ மாறிவிட்டது. தில்லியில் மூன்று முனையங்கள் உள்ளன. மும்பையிலும் பெங்களூருவிலும் இரண்டிரண்டு. ஒரு முனையத்தில் வந்திறங்கி, மற்றொரு முனையத்திலிருந்து புறப்பட வேண்டிய பயணிக்காக இணைப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. தொடர்பயணத்திற்கான சீட்டு வைத்திருப்பவரிடம் பொதுவாக இப்பேருந்தில் கட்டணம் வாங்குவதில்லை.

பல கோடி ரூபாய் முதலீட்டில் எழும் முனையங்களையும் ஓடுபாதைகளையும் பற்றிப் பேசும்போது, இந்தப் பேருந்து யார் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் பொதுப்பணிக்கு விலை குறிப்பது எவ்வாறு, இலவசம் எனப்படுவதன் செலவைச் சுமப்பவர் யார், ஒரு சேவையின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்னும் மூன்று வினாக்களும் இதே பேருந்தில்தான் ஏறியிருக்கின்றன. பொருளியல் மாணவருக்கும் போக்குவரத்து நிர்வாகத்தில் பணியாற்றுவோருக்கும் இதைவிடக் கையடக்கமான பாடம் கிடைப்பது அரிது.

முனையங்கள் பிரிந்து நிற்பதன் காரணம்

தில்லியை எடுத்துக்கொள்வோம். சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பயணிகள் போக்குவரத்து 1962-ல் பாலத்திற்கு மாற்றப்பட்டது. போக்குவரத்து பெருகவே, பன்னாட்டுப் பயணிகளுக்கெனத் தனி முனையம் ஒன்று 1986-ல், பழைய கட்டடத்திலிருந்து வெகு தொலைவில் திறக்கப்பட்டது. உள்நாட்டுப் பயணிகள் பழைய இடத்திலேயே இருந்தனர். அன்று பிரிந்த இரு பகுதிகளே இன்றைய முதலாம் முனையமும், இரண்டு, மூன்றாம் முனையங்கள் அடுத்தடுத்து நிற்கும் பகுதியும் ஆகும். 2006-ல் தனியார் பங்கேற்புடைய நிறுவனத்திடம் நிலையம் ஒப்படைக்கப்பட்டு, 2010-ல் மூன்றாம் முனையம் திறக்கப்பட்டபோது பன்னாட்டு விமானங்களும் முழுச்சேவை உள்நாட்டு விமானங்களும் அங்கே சென்றன. சிக்கனக் கட்டண விமானங்கள் முதலாம் முனையத்தில் தங்கின. 2017-ல் இரண்டாம் முனையம் உள்நாட்டுப் பயணத்திற்கெனப் புத்துயிர் பெற்றது.

அதன்பின் நிகழ்ந்தவை அடிக்கடி பறப்போரையே குழப்பத்தில் ஆழ்த்தக்கூடியவை. 2024 ஜூன் 28 அன்று முதலாம் முனையத்தின் முகப்புக் கூரை மழையில் இடிந்து ஒருவர் உயிரிழந்தார். அங்கிருந்த விமானங்கள் யாவும் மற்ற இரு முனையங்களுக்கு மாற்றப்பட்டன. 2025 ஏப்ரலில் இரண்டாம் முனையம் சீரமைப்புக்காக மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரே நிறுவனத்தின் விமானங்களே வெவ்வேறு முனையங்களுக்குப் பிரிந்து சென்றன. சென்ற மாதம் எங்கே ஏறினோம் என்னும் நினைவு இம்மாதம் பயன்படாமல் போயிற்று.

முதலாம் முனையத்திற்கும் மூன்றாம் முனையத்திற்கும் இடையே சாலைவழித் தொலைவு சுமார் 7 முதல் 8 கிலோமீட்டர். பேருந்து நிலைய எல்லைக்குள்ளேயே செல்வதில்லை. தில்லி–குருகிராம் நெடுஞ்சாலையின் நெரிசலில் நகரத்து வாகனங்களோடு கலந்து செல்கிறது. இரு பகுதிகளிலும் மெட்ரோ நிலையங்கள் உள்ளனவே என்று கேட்கலாம். விமான நிலைய விரைவுத் தடம் 2011-லும், முதலாம் முனையத்தைத் தொடும் மெஜந்தா தடம் 2018-லும் வந்தன. எனினும் இவ்விரண்டும் நேரடியாகச் சந்திப்பதில்லை. முதலாம் முனையத்தில் ஏறுபவர் ஜனக்புரி மேற்கில் ஒரு முறையும் துவாரகா 21-ஆம் பிரிவில் மறுமுறையும் வண்டி மாறி, மேற்கு தில்லியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் முனையத்தை அடைய வேண்டும். பெட்டிகளோடு செல்பவருக்கு இது வழியாகாது.

மும்பையில் சாந்தாகுரூஸ் முனையமும் சகார் முனையமும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. அங்கு 2024 அக்டோபரில் தொடங்கிய நிலத்தடி மெட்ரோ, இரு முனையங்களையும் ஒரே தடத்தில் இணைத்திருப்பது பெரும் ஆறுதல். பெங்களூருவில் இரண்டாம் முனையம் முதல் முனையத்தின் அருகிலேயே அமைந்ததால் பேருந்தின் வேலை எளிதாகிவிட்டது. ஐதராபாதில் 2008-ல் ஒரே முனையமாகத் திட்டமிட்டுக் கட்டியதால் சிக்கலே எழவில்லை. இடத்தேர்வில் செய்யும் முடிவு எத்தனை பத்தாண்டுகளுக்குப் பேருந்துக் கணக்கில் தொடர்ந்து பற்று எழுதப்படுகிறது என்பதற்கு இந்நகரங்களின் ஒப்பீடே போதும்.

பயணியின் கடிகாரம்

வெளிநாட்டிலிருந்து காலை 10 மணிக்கு மூன்றாம் முனையத்தில் இறங்கி, பிற்பகல் 1.30 மணிக்கு முதலாம் முனையத்திலிருந்து உள்நாட்டு விமானம் ஏற வேண்டிய ஒருவரைக் கற்பனை செய்வோம். மூன்றரை மணி நேரம் இருக்கிறது. தாராளம் என்று தோன்றும். குடிவரவுச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு, சுங்கச் சோதனை ஆகியவற்றை முதலில் இறங்கும் இடத்திலேயே பெரும்பாலும் முடித்தாக வேண்டும். இவற்றுக்கு ஒன்றே கால் மணி நேரம் எனக் கொள்வோம். மணி 11.15. பேருந்து 20 நிமிடங்களுக்கு ஒன்று எனில், ஒன்றைத் தவறவிட்டவர் புறப்படுவது 11.35-க்கு. நெரிசலான வேளையில் சாலையில் 40 நிமிடங்கள் ஆனால், முதலாம் முனைய வாயிலில் 12.15. அங்கே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயணச்சீட்டையும் அடையாளச் சான்றையும் பார்த்த பின்னரே உள்ளே விடுவர். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஏற்கும் முகப்புகள் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன் மூடப்படுவது பெருவழக்கு. அதாவது 12.30. மூன்றரை மணி நேரத்தில் எஞ்சியது 15 நிமிடம். வாயிலில் நிற்கும் வரிசையும் அதற்குள் அடங்க வேண்டும்.

இரு பயணங்களும் ஒரே சீட்டில் பதிவாகியிருந்தால், இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் இடமளிப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிறது. தனித்தனிச் சீட்டுகளாக இருந்தால் இழப்பு முழுவதும் பயணியைச் சாரும். சிக்கனத்தை நாடித் தனித்தனியாக வாங்குவோரே இவ்விடரில் அதிகம் சிக்குகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் பயணத்தின்போது ஒரு பெருநகர விமான நிலையத்தில் இக்கட்டுரையாசிரியர் கண்டதை இங்கே குறிப்பிடலாம். வளைகுடா நாடொன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும் தொழிலாளி ஒருவர், கயிற்றால் கட்டிய இரு அட்டைப் பெட்டிகளுடன் இணைப்புப் பேருந்துக்காக நின்றிருந்தார். பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. வந்தது முப்பத்தைந்தாவது நிமிடத்தில். வாடகை வண்டி பிடிக்கலாமா என்று அவர் இருமுறை கேட்டார். இலவசப் பேருந்து இருக்கையில் வீண் செலவு எதற்கு என்று அருகிலிருந்தவர்களே தடுத்தனர். அப்படித் தடுத்தவர்களுள் இக்கட்டுரையாசிரியரும் ஒருவர். அவர் மறு முனையத்தை அடைந்தபோது பெட்டி ஏற்கும் முகப்பு மூடியிருந்தது. அன்றிரவு விமானத்திற்கு அவர் வாங்கிய புதிய சீட்டின் விலை, தவறவிட்ட சீட்டின் விலையைவிட இரு மடங்குக்கு மேல்.

பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். பேருந்தின் கட்டணம் சுழி. அதன் விலை சுழி அன்று. விலையைப் பயணி பணமாகச் செலுத்தாமல் நேரமாகவும் இடராகவும் செலுத்துகிறார்.

கட்டணம் ஏன் கூடாது

நேரமே விலையாக இருக்க, பணமாகவும் ஒரு கட்டணம் வாங்கிச் சேவையை மேம்படுத்தலாமே என்னும் வாதம் எழக்கூடும். இதற்கு விடை காணச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புயி 1844-ல் பொதுப்பணிகளின் பயனை அளப்பது குறித்து ஆராய்ந்தபோது, பாலத்துச் சுங்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கட்டி முடித்த பாலத்தை மேலும் ஒருவர் கடப்பதால் ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுங்கம் விதித்தால் கடந்திருக்கக்கூடிய சிலர் கடக்காமல் போவர். அவர்கள் இழக்கும் பயன் எவர் பைக்கும் வருமானமாகச் சேர்வதில்லை. 1938-ல் ஹெரால்டு ஹோட்டலிங் இதனை விரித்து, விலை இறுதிநிலைச் செலவுக்குச் சமமாக இருத்தலே சமுதாய நலத்திற்கு உகந்தது என வாதிட்டார். காலி இருக்கையுடன் செல்லும் பேருந்தில் மேலும் ஒரு பயணியை ஏற்றுவதன் இறுதிநிலைச் செலவு மிக அற்பம்.

பேருந்துக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. 1972-ல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹெர்பர்ட் மோரிங் அதனைத் தெளிவுபடுத்தினார். பயணிகள் பெருகினால் நடைகள் பெருகும். நடைகள் பெருகினால் காத்திருக்கும் நேரம் எல்லோருக்கும் குறையும். ஆகவே ஒவ்வொரு புதிய பயணியும் தம்மையறியாமல் மற்றவர்களுக்கு நன்மை செய்கிறார். கட்டணம் விதித்து அவரை வாடகை வண்டிக்குத் துரத்தினால், மீதமுள்ளோரின் காத்திருப்பு நீளும். பெரும்பாலான தொழில்களில் கூட்டம் கூடினால் சேவை கெடும். பேருந்தில், இருக்கை இருக்கும்வரை, கூட்டம் கூடினால் சேவை சிறக்கும்.

மேலும், முனையங்கள் பிரிந்து நிற்பது பயணி செய்த முடிவன்று. திட்டமிட்டவர்களும் நிர்வாகமும் விமான நிறுவனங்களும் செய்த முடிவின் புறவிளைவு அது. அதற்கு அவரிடமே கட்டணம் கேட்பது நியாயமாகாது.

எத்தனை நடைகள்: ஓர் எளிய கணக்கு

மாணவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டை இங்கே அமைப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. எந்த நிலையத்தின் கணக்கும் அல்ல.

ஒரு திசையில் மணிக்கு 120 பயணிகள் மாறிச் செல்கின்றனர். ஒரு நடைக்கு ஆகும் செலவு 1,000 ரூபாய். பயணியின் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 300 ரூபாய். மணிக்கு 3 நடைகள் விட்டால் இடைவெளி 20 நிமிடம். சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 10 நிமிடம். 120 பேருக்குமாகச் சேர்த்து 20 மணி நேரம். மதிப்பு 6,000 ரூபாய். நடைச்செலவு 3,000. மொத்தம் 9,000. மணிக்கு 6 நடைகள் விட்டால் நடைச்செலவு 6,000, காத்திருப்பின் மதிப்பு 3,000. மொத்தம் மீண்டும் 9,000. இடையில் 4 நடைகள் விட்டால் 4,000-மும் 4,500-மும் சேர்ந்து 8,500. இதுவே மிகக் குறைந்த தொகை. 5 நடைகளுக்கு 8,600. ஆகவே கணக்கு காட்டும் விடை மணிக்கு 4 நடைகள், அதாவது 15 நிமிட இடைவெளி.

இதில் ஒரு பொதுவிதி அடங்கியுள்ளது. சிறந்த நடை எண்ணிக்கை பயணிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை; அதன் வர்க்கமூலத்தோடு உயர்கிறது. பயணிகள் நான்கு மடங்கானால் நடைகள் இரு மடங்கானால் போதும், பேருந்தில் இடம் இருக்கும்வரை. மறுபக்கம், பயணிகள் கால்பங்காகக் குறையும் வேளையில் நடைகளைக் கால்பங்காகக் குறைப்பது தவறு. பாதிக்குக் கீழே செல்லக் கூடாது. நிர்வாகங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தவறுகின்றன.

இக்கணக்கில் ஒரு குறை இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் கண்டிருப்பர். விமானம் பிடிக்கச் செல்பவர் சராசரியை நம்பித் திட்டமிட முடியாது. 15 நிமிடத்திற்கு ஒரு பேருந்து என்றால், அவர் 15 நிமிடத்தையும் ஒதுக்கி வைத்தாக வேண்டும்; முன்கூட்டி வந்துவிட்டால் மிச்சமாகும் நேரம் மறு முனைய நாற்காலியில் கழியும். இடைவெளி முழுவதையும் செலவாகக் கொண்டு கணக்கை மீண்டும் போட்டால், 4 நடைகளுக்கு நடைச்செலவு 4,000, காத்திருப்பு 9,000, மொத்தம் 13,000. 6 நடைகளுக்கு 6,000-மும் 6,000-மும் சேர்ந்து 12,000. விடை இப்போது மணிக்கு 6 நடைகள். சராசரியைப் பார்க்கும் அலுவலகம் 15 நிமிடத்திற்கு ஒன்றும், பயணியின் நிலையிலிருந்து பார்க்கும் அலுவலகம் 10 நிமிடத்திற்கு ஒன்றும் விடும். இரண்டு அலுவலகங்களும் நேர்மையாகக் கணக்கிட்டவையே.

நடைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவற்றின் ஒழுங்கு. நெரிசலில் மாட்டிய இரு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றால், மாத அறிக்கையில் இரண்டு நடைகள், பயணிக்கு ஒன்றுதான். எனவே 'இத்தனை நடைகள் இயக்கப்பட்டன' என்னும் புள்ளிவிவரம் தரத்தைக் காட்டாது. நூறு பயணிகளில் தொண்ணூற்றைந்து பேர் முனைய வாயிலிலிருந்து மறு முனைய வாயிலுக்கு எத்தனை நிமிடத்திற்குள் சென்றடைந்தனர் என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். அந்த எண்ணை வேளைவாரியாக வெளியிட்டால், தனித்தனிச் சீட்டு வாங்குபவர் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார்.

செலவைச் சுமப்போர்

2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், பெரிய நிலையங்களின் கட்டணங்களை நிர்ணயிக்கிறது. முதலீட்டின் மீதான வருவாய், தேய்மானம், நடைமுறைச் செலவு, வரி ஆகியவற்றைக் கூட்டி, வணிக வருமானத்தில் ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சுவதை விமானங்களிடமும் பயணிகளிடமும் பெற அனுமதிப்பதே அதன் முறையின் சாரம். தில்லியிலும் மும்பையிலும் கழிக்கப்படும் பகுதி 30 விழுக்காடு. பேருந்துச் செலவு நடைமுறைச் செலவில் சேர்க்கப்படும் அளவுக்கு, அது பயணச்சீட்டிலுள்ள கட்டணங்களின் வழியே எல்லாப் பயணிகளிடமிருந்தும் திரும்பப் பெறப்படுகிறது. 2023–24-ல் தில்லி நிலையத்தைப் பயன்படுத்தியோர் 7 கோடியே 30 இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேர்மீது பகிரும்போது தலைக்கு விழும் சுமை மிகச் சிறிது.

இணைப்புப் பேருந்தில் ஏறவே ஏறாத இலக்னோ பயணி இதனை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பது குறுக்கு மானியத்திற்கு எதிரான வழக்கமான வாதம். முனையங்கள் பலவாக இருப்பதால் விளையும் கொள்ளளவைப் பெறுபவர்களுள் அவரும் ஒருவர் என்பதே அதற்கு விடை. பிரிவினால் வரும் பயன் பொதுவானது எனில், பிரிவினால் வரும் செலவும் பொதுவானதே.

இதைவிடக் கவனத்திற்குரியது வேறொன்று. வாடகை வண்டி நிறுவனங்கள் செலுத்தும் உரிமத்தொகையும் வாகன நிறுத்தக் கட்டணமும் நிலையத்தின் வணிக வருமானத்தைச் சேர்ந்தவை. பேருந்து சிறக்கச் சிறக்க இவ்வருமானம் ஓரளவேனும் குறையும். நல்ல பேருந்து விடும் நிர்வாகத்திற்குக் கணக்கேட்டில் பரிசு எதுவும் இல்லை. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஊக்குவிப்பு அமைப்பு இவ்வாறிருக்கையில், பேருந்து நிறுத்தத்தின் அறிவிப்புப் பலகை வாடகை வண்டி முகப்பின் பலகையைவிடச் சிறியதாக இருப்பதில் வியப்பில்லை. சேவைத் தரத்திற்கான குறியீடுகளில் முனையமாற்ற நேரத்தையும் சேர்த்தால் இவ்வூக்கம் திசை திரும்பும்.

எல்லோருக்கும் இலவசமா

தில்லியில் தொடர்பயணச் சீட்டைக் காட்டுபவருக்குக் கட்டணமின்றியும் பிறருக்குக் கட்டணத்துடனும் பேருந்து விடும் முறை கையாளப்பட்டு வந்துள்ளது. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் 2003-ல் தொடங்கிய தொடர்வண்டியில் முனையங்களுக்கிடையே செல்லக் கட்டணமில்லை. நகர இரயில் நிலையங்களில் ஏறுபவரும் இறங்குபவருமே செலுத்த வேண்டும். இரண்டும் ஒரே கருத்தின் வடிவங்கள். நகரப் பேருந்தாக இதனைப் பயன்படுத்துவோர் பெருகி இருக்கைகள் நிரம்பினால், மேலும் ஒரு பயணியின் இறுதிநிலைச் செலவு அற்பம் என்னும் நம் வாதமே விழுந்துவிடும் அல்லவா? எனவே பிரித்தறிதல் தேவைதான். ஆனால் அதனை எங்கே செய்வது என்பதில் கவனம் வேண்டும். முனையத்தினுள் ஒரு முகப்பில் வரிசையில் நின்று சீட்டைக் காட்டி, இலவச வில்லை ஒன்றைப் பெற்று, பின்னர் நிறுத்தத்தைத் தேடுமாறு அமைத்தால், மிச்சப்படுத்தும் பணத்தைவிட வீணாகும் நேரம் அதிகம். பேருந்தின் படியில் நடத்துநர் கைப்பேசியிலுள்ள சீட்டைப் பார்த்து ஏற்றிக்கொள்வதே சிக்கனமானது.

தில்லியில் முனையங்களை இணைக்கத் தானியங்கித் தொடர்வண்டி ஒன்றை, சுமார் 7.7 கிலோமீட்டர் நீளத்தில், சரக்குப் பகுதியையும் ஏரோசிட்டியையும் தொட்டுச் செல்லுமாறு அமைக்கும் திட்டத்திற்கு 2024-ல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தண்டவாளம் நெரிசலில் சிக்காது, ஒழுங்கு உறுதி. ஆனால் பேருந்தின் செலவு ஆண்டுதோறும் மாற்றியமைக்கத்தக்கது. தொடர்வண்டியின் செலவோ சொத்துமதிப்பில் ஏறி, பல பத்தாண்டுகள் கட்டணக் கணக்கில் நிற்கும். இதற்கிடையில், பெரிய முதலீடின்றி உடனே செய்யக்கூடியவை சில உண்டு: பயணச்சீட்டில் முனைய எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுதல், முனையம் மாறினால் குறுஞ்செய்தி அனுப்புதல், சுங்கச் சோதனையைத் தாண்டியதும் அடுத்த பேருந்து வரும் நேரத்தைத் திரையில் காட்டுதல், மாறிச்செல்லும் பயணிகளுக்கான பெட்டி ஏற்கும் முகப்பை இறங்கும் முனையத்திலேயே திறத்தல். கடைசியாகச் சொன்னது நடைமுறைக்கு வந்தால், பயணி கைப்பையுடன் செல்வார். முகப்பு மூடும் நேரம் பற்றிய அச்சமும் பெரும்பாலும் நீங்கும்.

இரவு வேளையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நம் நாட்டிற்கு வரும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே இறங்குகின்றன. அந்நேரத்தில் மெட்ரோ இயங்குவதில்லை. பயணிகள் குறைவு என்று பேருந்தின் இடைவெளி நீட்டப்படுவதும் அப்போதுதான். ஆனால் சாலை வெறுமையாக இருப்பதால் ஒரே பேருந்து பகலைவிடக் கூடுதல் நடைகள் ஓட முடியும்; நடைக்கு ஆகும் செலவும் அவ்வேளையில் குறைவு. அதிகாலை இரண்டு மணிக்கு மணிக்கொரு பேருந்து என்றிருக்கும் இடத்தில் அதனை இரண்டாக்குவதற்கு மேலே கண்ட வர்க்கமூலக் கணக்கு இடந்தருகிறது. தேவைப்படுவது ஓர் ஓட்டுநரின் பணிநேர மாற்றம்.